ஐந்து நாள் அவசர சிகிச்சைப் பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன்

அம்மா, டர்பன் ஃபீனிக்ஸ் கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் உங்கள் மகள் ஐந்து நாள் அவசர சிகிச்சைப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் முடித்ததும் மருந்து எழுதிக் கொடுக்கலாம், சம்பளம் ஏறும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். நோயைக் கண்டறிந்து மருந்து கொடுக்கும் உரிமை தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு நர்சிங் சட்டம் 56(6) பிரிவின்கீழ் எழுத்தில் வருகிற அனுமதி. குறும்பயிற்சிச் சான்றிதழ் அந்த அனுமதிக்கு ஈடாகாது. நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய, ஆரம்ப சுகாதார நர்சிங்கில் முதுநிலை டிப்ளமோ படிக்க வேண்டும். அது 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கு, ஆக 1200 மணி நேர உழைப்பு. ஐந்து நாளோடு அதை ஒப்பிடவே முடியாது.

சரி, அந்த ஐந்து நாளில் கை பழகுமா? பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் பொம்மைக் கணக்கு. இதயம் நின்றவரின் மார்பை அழுத்தும் பயிற்சிக்கு ஒரு மணி நேரம், ஆட்கள் பன்னிரண்டு, அழுத்திப் பழகும் மனித உருவப் பொம்மை ஒன்று என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்பது அதற்குள் கையில் படியாது. ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் பொம்மை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அடுத்தது ட்ரையாஜ், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று நோயாளிகளை அவசரத்துக்கு ஏற்ப வரிசைப்படுத்துவது. இங்கே தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் அளவுகோலின்படி சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள், மஞ்சள் ஒரு மணிக்குள், பச்சை நான்கு மணிக்குள். ஸ்லைடில் இதைக் காட்டி முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நிறத்தை முடிவு செய்வது புள்ளிகளின் கூட்டுத்தொகை. தவறு நடப்பதோ எண்ணும் இடத்தில். ஒரு பெரியவர் கைத்தாங்கலாக நடந்து வருகிறார், அதற்கு 1 புள்ளி. நாடித்துடிப்பு 112, அதற்கு 2. மூச்சு நிமிடத்துக்கு 24, அதற்கும் 2. மொத்தம் 5, ஆகவே ஆரஞ்சு. மூச்சை எண்ணாமல் பார்வையாலேயே 18 என்று எழுதிவிட்டால் அதற்கு 1தான். மொத்தம் 4 ஆகி அவர் மஞ்சளுக்குப் போய்விடுவார். வேறு அபாய அறிகுறி எதுவும் கண்ணில் படாவிட்டால், பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவர் ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மூச்சை முழு நிமிடம் எண்ண வைத்து, மதிப்பெண் போட்டு, தப்பினால் திரும்பச் செய்யச் சொல்லும் பயிற்சிதான் காசுக்குத் தகும்.

ஆகவே பயிற்சி நடத்துகிறவர்களிடம் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பயிற்சி எப்படி இருந்தது என்று கடைசி நாள் நிரப்பச் சொல்லும் படிவம் மகிழ்ச்சியை அளக்குமே தவிர திறமையை அளக்காது. பயிற்சித் திட்டங்களை எடைபோட அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் 1959இல் சொன்ன நான்கு படிகளில் அது முதல் படி. கற்றார்களா என்பது இரண்டாவது. வேலையில் மாறினார்களா, நோயாளிக்குப் பலன் வந்ததா என்பவை மற்ற இரண்டு. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே தேர்வை வைத்தால் இரண்டாவது படி தெரியும். மூன்றாவதற்கு மூன்று மாதம் கழித்து யாராவது வந்து பார்க்க வேண்டும். அதற்குள் கைப்பழக்கம் மங்கத் தொடங்கிவிடும். அவர்கள் வராவிட்டால் மகளே பயிற்சிக்கு முன் இருபது நோயாளிக் கோப்பு, மூன்று மாதம் கழித்து இருபது கோப்பு எடுத்து, ட்ரையாஜ் புள்ளிகளின் கூட்டுத்தொகை சரியா என்று கிளினிக் மேலாளருடன் பார்க்கலாம். கோப்புகள் கிளினிக்கை விட்டு வெளியே போகக்கூடாது.

மகளின் தம்பி ஆம்புலன்ஸ் வேலைக்குப் போக நினைத்தால் கதை வேறு. பழைய குறும்படிப்புகள் நின்றுவிட்டன. இப்போது ஓராண்டு உயர் சான்றிதழ், ஈராண்டு டிப்ளமோ, நான்காண்டு பட்டம் என்ற மூன்று படிகள்தான். பட்டப்படிப்பு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. சில வாரத்தில் பாராமெடிக் (ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்) ஆக்குகிறோம் என்று விளம்பரம் கண்டால் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் விசாரிக்காமல் ஒரு ரேண்ட் கூடக் கட்டாதீர்கள்.

மகளின் விஷயத்தில், மதிப்பீட்டுத் தாளைக் காட்ட மறுத்தால் அந்த இடம் வேண்டாம். இப்போதைக்கு இரண்டாண்டு செல்லும் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டையை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, மீதிப் பணத்தை டிப்ளமோவுக்கு வைக்கட்டும்.