புவியியல் படித்த மகளுக்கு இணைய வரைபட வேலை சரிப்படுமா?

புவியியல் பட்டம் வாங்கிய மகள் இணைய வரைபடம் உருவாக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களோடு அவளால் போட்டி போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் கோடிங்கில் மட்டும் மோதினால் சிரமம்தான்.

நீங்கள் பயப்படுகிற அளவுக்குத் தொழில்நுட்பம் கடினமில்லை. 2011இல் வெளிவந்த லீஃப்லெட் என்ற, இணைய வரைபடம் செய்வதற்கான இலவச ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் (தயாராக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு) சுருக்கினால் சுமார் 42 கிலோபைட்தான். இணையப் பக்கம் எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் ஒரே மாலையில் வரைபடத்தைத் திரையில் கொண்டுவந்து புள்ளிகளையும் வைத்துவிடலாம். சிக்கலும் இதில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால், புள்ளி வைத்த வரைபடத்தைக் காட்டினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது.

அவளுடைய படிப்பு கைகொடுப்பது இதற்கு அப்புறம்தான். இடங்களின் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட்டில் நேராக எழுதும்போது அட்சரேகை முதலில் வரும். இதை மாற்றிப் போட்டு, மருத்துவமனை கடலுக்கு நடுவே நிற்பதைப் பார்த்து விழிக்கும் புரோகிராமர்கள் நிறைய. உங்கள் மகள் பார்த்தவுடன் பிடித்துவிடுவாள். இணைய வரைபடங்கள் பெரும்பாலும், துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் இருப்பதால், ஆப்பிரிக்காவின் பரப்பில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து கிட்டத்தட்ட அதே அளவில் தெரியும். பரப்பை ஒப்பிடும் வரைபடத்துக்கு அது ஆகாது. நோயாளிகளின் மொத்த எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால் மக்கள்தொகை அதிகமுள்ள மாவட்டம்தான் பெரும்பாலும் அடர்த்தியாகத் தெரியும், விகிதத்தைத்தான் காட்ட வேண்டும். இதெல்லாம் அவள் வகுப்பில் படித்ததுதான். நேர்முகத் தேர்வில் இதைப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு.

அடுத்தது எளிமை. இருபது லேயர்களுக்கு, அதாவது தரவு அடுக்குகளுக்கு, டிக் பெட்டி வைத்த வரைபடங்களைப் பார்த்திருப்பீர்கள். அலுவலகத்தில் இருக்கிற தரவை எல்லாம் கொட்டியிருப்பார்கள், பார்க்க வருகிறவர் என்ன தேடுகிறார் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் திறந்திருக்கும் மருந்தகம் எது என்பது கேள்வியானால், அதற்கு மட்டும் பதில் சொல்லும் வரைபடம் போதும். புள்ளியைத் தொட்டால் வரும் பெட்டியில் தரவுக் கோப்பின் சுருக்கெழுத்துத் தலைப்புகள் அப்படியே நிற்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு, அதனால் நிறத்தோடு வடிவமும் மாறட்டும். எல்லைக்கோடுகள் பல மெகாபைட் இருந்தால் மேப்ஷேப்பர் என்ற கருவியில் எளிமையாக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் போனில் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

பராமரிப்பைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை என்பது என் குறை. பின்னணிப் படங்களான டைல்கள் வேறு யாரோ நடத்தும் சர்வரிலிருந்து வருகின்றன. பலரும் இலவசமாகப் பயன்படுத்திய ஸ்டேமன் நிறுவனத்தின் டைல்களின் பழைய சேவை 2023 அக்டோபரோடு நின்றது. கவனிக்க ஆளில்லாத தளங்களில் பின்னணி போய்விட்டது. வரைபடச் சேவை நிறுவனமான மேப்பாக்ஸ் 2020 டிசம்பரில் தன் நூலகத்தின் திறந்த உரிமத்தை மாற்றியது, அதன் பழைய பதிப்பிலிருந்து கிளைத்ததுதான் மேப்லிப்ரே என்ற திறந்த நூலகம். தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது டைல் சர்வர் நன்கொடையில் ஓடுவது. அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் தடுத்துவிடுவார்கள், அவர்கள் பெயரை வரைபடத்தில் குறிப்பிடுவதும் கட்டாயம். இவற்றைத் தொடர்ந்து கவனித்து, தரவையும் புதுப்பித்து வைப்பதற்குத்தான் நிறுவனங்களுக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘வெப் ஜிஐஎஸ் டெவலப்பர்’ (ஜிஐஎஸ் என்றால் புவியியல் தகவல் அமைப்பு) என்று விளம்பரம் வந்தால் தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்க்யூஎல் மொழி, இடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம், சர்வர் வேலை எல்லாம் எதிர்பார்ப்பார்கள். ‘ஜிஐஎஸ் அனலிஸ்ட்’ பணியில் நுழைந்து, அங்கே இருந்தபடியே அவற்றைக் கற்பது அவளுக்குச் சுலபமான வழி. நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, பொது சுகாதாரம், போக்குவரத்து என்று பல துறைகளில் இந்தப் பணி உண்டு.

இப்போதைக்கு அவள் ஒரே ஒரு சின்ன வரைபடம் செய்து இணையத்தில் ஏற்றட்டும். ஆறு மாதம் அதை விடாமல் புதுப்பித்து, எந்தத் தேதியில் எதை, ஏன் மாற்றினாள் என்று எழுதி வைக்கட்டும். அந்தக் குறிப்பையும் விண்ணப்பத்தோடு காட்டலாம். முதல் சோதனைக்கு நீங்களே உட்காருங்கள். போனில் திறந்து, ஒரு இடத்தைத் தேடிப் பாருங்கள். அவள் பக்கத்தில் இருந்து விளக்கம் சொல்லக் கூடாது, நீங்கள் எங்கே திணறுகிறீர்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் லீஃப்லெட்டும் இலவசமாகவே கிடைப்பதால், அந்த ஆறு மாதம் முடியும்வரை எந்தச் சான்றிதழ் படிப்புக்கும் பணம் கட்ட வேண்டாம்.