உட்கார்ந்தே இருக்கிறேன், ஏன் இவ்வளவு களைப்பு?

கேள்வி: நாள் முழுக்க நாற்காலியில்தான் இருக்கிறேன். நான்கு ஆன்லைன் வகுப்பு முடிந்தால் அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. சோம்பேறித்தனமா?

பதில்: இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் இதற்கு நான்கு காரணங்களை எடுத்து வைத்தார். எல்லா முகங்களும் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது போலிருப்பது. நம் முகத்தை நாமே மணிக்கணக்கில் பார்ப்பது. கேமராவுக்குள் அடங்கி அசையாமல் இருப்பது. நேரில் கண்ஜாடையிலேயே புரிவதைத் திரையில் முயன்று புரிந்துகொள்வது. இரண்டாவதை இன்றே ஒழிக்கலாம். மற்றவர்களுக்குத் தெரியும் உங்கள் முகத்தை உங்களுக்கு மட்டும் மறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. தேடிப் பாருங்கள். கேமராவை அணைக்க அனுமதி கிடைத்தால், எழுந்து நடந்தபடியே கேளுங்கள்.

கேள்வி: ஸ்லைடில் இருப்பதை ஆசிரியர் வரி விடாமல் வாசிக்கிறார். கண்ணுக்கும் வருகிறது, காதுக்கும் வருகிறது. மண்டையில் மட்டும் ஏறவில்லை.

பதில்: இரண்டு வழியாகவும் வருவதுதான் சிக்கல். கண் முன்னால் ஓடும், குரல் பின்னால் வரும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பதே தனி வேலையாகிவிடும். புதிய விஷயங்களில் நாம் ஒரே நேரத்தில் மனதில் ஏந்தக்கூடியது மூன்று, நான்குதான். கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-இல் தொடங்கிவைத்த அறிதல் சுமைக் கோட்பாடு, பாடத்தின் கடினத்தையும் அதைக் கொடுக்கும் விதத்தால் ஏறும் வீண் சுமையையும் பிரித்துப் பார்க்கிறது. உங்களுடையது இரண்டாவது. ஸ்லைடை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள். வகுப்பில் திரையை விட்டுவிட்டுக் காதால் கேட்டு, கையால் எழுதுங்கள். (இதை ஆசிரியரிடம்தான் சொல்ல வேண்டும், ஆனால் கேட்டது நீங்களாயிற்றே.)

கேள்வி: பதிவான வகுப்பை இரட்டை வேகத்தில் பார்க்கலாமா?

பதில்: தெரிந்த பாடத்தைத் திருப்பிப் பார்க்க, சரி. புதுப் பாடத்துக்கு வேண்டாம்.

கேள்வி: எந்த வகுப்பு என்னை அதிகம் சோர்வாக்குகிறது என்று அளக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு வேலை எவ்வளவு சுமையாக இருந்தது என்று அளக்க நாசாவில் உருவாகி 1988-இல் வெளியான டிஎல்எக்ஸ் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, செய்து முடித்ததில் திருப்தி, மொத்த முயற்சி, எரிச்சல் என்று ஆறு அம்சங்கள். வகுப்பு முடிந்த கையோடு மதிப்பெண் போடுங்கள். மூளை உழைப்பு குறைவு, எரிச்சல் மட்டும் உச்சம் என்றால், களைப்புக்குக் காரணம் பாடமாக இருக்காது. இணைப்பையோ வகுப்பு நடக்கும் விதத்தையோ சந்தேகியுங்கள்.

கேள்வி: மாலையில் கண் எரிகிறது.

பதில்: திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்துபோகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள். ஓய்வுக்குப் பிறகும் எரிச்சல் நீடித்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.