அங்கியில் பதக்கம் குத்தலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சேகரகுரு ஐயர் (சபைப் பாதிரியார்) 17 வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். கார்கிலில் சண்டை போட்டு சேனா மெடல் வாங்கியவர். பென்ஷன் வந்தபின் இறையியல் படித்து குருப்பட்டம் பெற்றார். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற வருகிறார். அங்கியில் மெடல்களைக் குத்திக்கொள்ளலாமா? "ஐயருக்கு எதுக்குய்யா சண்டை மெடல்?" என்று சபையில் சிலர் முணுமுணுக்கிறார்கள். (நாங்குநேரி வாசகர்)

பதில்: தாராளமாகக் குத்தலாம். செய்த காரியத்துக்குக் கிடைத்த மெடல் அது. அங்கி மாட்டியதால் அந்தக் காரியம் நடக்கவில்லை என்றாகிவிடாது. இங்கிலாந்துச் சபைகளில் போர் நினைவு ஆராதனையின்போது, படையில் இருந்த குருமார் கழுத்திலிருந்து தொங்கும் கறுப்புத் துண்டின் இடப்பக்கத்தில் மெடல் குத்துவது வழக்கம். நம்மூரில் கொடியேற்றத்துக்கும் அணிவகுப்புக்கும் குத்திக்கொண்டு, திருவிருந்து பரிமாறும்போது கழற்றிவிடுவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். சட்டம் ஒன்றும் இல்லை, மரியாதைதான்.

இடப்பக்க மார்பில்தான் குத்த வேண்டும். மூத்த மெடல் நெஞ்சின் நடுப்பக்கம் வரும். மற்றவை வரிசையாகத் தோள்பக்கம் போகும். உங்கள் ஐயரிடம் இருக்கக்கூடியவற்றை வைத்துச் சொன்னால்: முதலில் சேனா மெடல், அடிபட்டிருந்தால் காயப் பதக்கம், பிறகு (கார்கில் நடவடிக்கையின் பெயரில் வந்த) ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் மெடல், சைன்ய சேவா மெடல், சுதந்திரப் பொன்விழா மெடல், கடைசியில் 9 வருஷ சேவை மெடல். பளபளப்பாக இருக்கிறது என்று ஸ்டாரை முன்னால் கொண்டுவருவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

இன்னொரு சங்கடம் துணி. ஆறேழு மெடல் கோத்த பார் நல்ல கனம். ராணுவச் சட்டை தடித்த துணி, தாங்கும். வெள்ளை டெரிகாட்டன் அங்கியில் குத்தினால் துணி தொய்ந்து, மெடல்கள் குப்புறச் சாயும். பத்து நிமிஷத்தில் ஊசி கிழித்த ஓட்டை தெரியும். அங்கியின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு பக்ரம் (காலருக்குள் வைக்கும் விறைப்பான) துணி வைத்துத் தைத்து, வெளியே இரண்டு நூல் வளையம் போடச் சொல்லுங்கள். பாரின் ஊசி வளையத்துக்குள் போனால் துணியைத் தொடவே தொடாது. எந்த டெய்லரும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

ஒரு விவரம். 1960-ல் ஏற்படுத்தப்பட்ட சேனா மெடலை வீரச்செயலுக்கும் கொடுப்பார்கள், சிறந்த பணிக்கும் கொடுப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நோட்டீஸில் 'வீரப் பதக்கம்' என்று அச்சடிக்கும் முன் அவரிடம் உள்ள பாராட்டுரையை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: முன்பு சிப்பாயாக இருந்த ஒருவர், படையிலேயே குருவாகச் சேர்ந்தால் நெருக்கடியில் துப்பாக்கி எடுக்கலாமா? டீக்கடையில் பெரிய வாக்குவாதம். (வள்ளியூர் வாசகர்)

பதில்: பழைய அனுபவம் இங்கே கணக்கில் வராது. 1949-ம் வருஷத்து முதல் ஜெனீவா உடன்படிக்கையின் 24-வது பிரிவு, படையோடு இணைந்த மதகுருக்களை மருத்துவப் பணியாளரோடு சேர்த்து, மதித்துப் பாதுகாக்க வேண்டியவர்கள் என்கிறது. 28-வது பிரிவின்படி எதிரி கையில் சிக்கினாலும் அவர் போர்க்கைதி இல்லை. கைதிகளின் ஆன்மிகத் தேவைக்கு வேண்டிய மட்டும்தான் நிறுத்தி வைக்கலாம். இடது கையில் செஞ்சிலுவைப் பட்டை கட்டுவது இதற்காகத்தான். துப்பாக்கி எடுத்துச் சண்டையில் இறங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அவரை மட்டுமல்ல, பட்டை கட்டிய அடுத்த ஆளையும் எதிரி சந்தேகிப்பான். அமெரிக்கத் தரைப்படையில் குரு ஆயுதம் தூக்கக்கூடாது. அவருடைய உதவியாளர்தான் துப்பாக்கியோடு கூடவே போவார்.

இதன் மறுபக்கம் பலருக்குத் தெரியாது. குருப்பட்டம் பெற்றவர் படைக்குருவாக இல்லாமல் சாதாரணச் சிப்பாயாகப் போய்ப் பிடிபட்டால், அவர் போர்க்கைதிதான். ஆனால் மூன்றாம் உடன்படிக்கையின் 36-வது பிரிவின்படி, தன் மதத்தைச் சேர்ந்த கைதிகளுக்குத் தடையில்லாமல் ஊழியம் செய்யலாம். வேறு வேலை செய்யச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் தன் குருமாரைச் சிப்பாய்களாகவும் அழைத்துக்கொண்டது. டீக்கடையில் இதையும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சண்டை போட்டு, பிறகு படைக்குரு ஆனவர்கள் யார்? (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: கெர்மிட் ஜான்சன் நல்ல உதாரணம். அமெரிக்க ராணுவ அகாடமியான வெஸ்ட் பாயின்ட்டில் படித்து, கொரியப் போரில் காலாட்படை அதிகாரியாக இருந்து, பிறகு இறையியல் படித்து, 1979 முதல் 1982 வரை அமெரிக்கத் தரைப்படையின் தலைமைக் குருவாக இருந்தார். அங்கே ஒரு குருவின் மார்பில் நீளமான நீலப் பட்டையில் வெள்ளித் துப்பாக்கி பொறித்த சின்னம் இருந்தால், அவர் முன்பு சண்டை பார்த்தவர் என்று உடனே சொல்லிவிடலாம். காலாட்படையிலோ சிறப்புப் படையிலோ நேரடிச் சண்டையில் இருந்தவர்களுக்குத்தான் அது. குருவாக இருந்துகொண்டு அதை வாங்க முடியாது.

ஆயுதமே எடுக்காமல் குருவாகவே பெரிய பதக்கம் வாங்கியவர்களும் உண்டு. ஜேம்ஸ் ஆடம்ஸ் 1879-ல் காபூல் பக்கம், குதிரைக்கு அடியில் பள்ளத்தில் சிக்கிக் கிடந்த வீரர்களை இழுத்து வெளியே போட்டு, பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். 1916-ல் எட்வர்ட் மெலிஷ், எந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே முதல் நாள் 10 பேரையும், தன் பட்டாலியனுக்கு மாற்று வந்தபிறகு மறுநாள் திரும்பிப் போய் 12 பேரையும் தூக்கி வந்தார்.

கேள்வி: என் தம்பி ராணுவத்திலிருந்து வந்து இறையியல் படிக்கிறான். மறுபடி ராணுவத்திலேயே பாதிரியாராகச் சேர முடியுமா? (ராதாபுரம் வாசகி)

பதில்: வழி இருக்கிறது, வயதுதான் குறுக்கே நிற்கும். நம் தரைப்படையில் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரி, புத்த பிக்கு எல்லோரும் 'சமய ஆசிரியர்' என்ற பெயரில் நாயப் சுபேதார் (இளநிலை அதிகாரி) நிலையில் சேர்கிறார்கள். சமீப வருஷங்களின் அறிவிப்புகளில் வயது 25 முதல் 36. கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 வயதில் சேர்ந்தவர் பென்ஷனுக்கு வேண்டிய 15 வருஷம் முடிக்கும்போது 34. பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு 4 வருஷம் என்றாலே 38. அதற்குப் பிறகுதான் டீக்கன் பட்டம், குருப்பட்டம். அதனால்தான் நம் பக்கத்தில் மிலிட்டரிக்காரர் சேகரகுரு ஆவதைப் பார்க்கிறோம். படைக்குருவாகத் திரும்பிப் போவதைப் பார்ப்பது அரிது. பண்டிட்டுக்கு சம்ஸ்கிருதத்தில் ஆச்சார்யா பட்டமோ, சாஸ்திரி பட்டத்தோடு கர்மகாண்டத்தில் (சடங்கு முறையில்) ஒரு வருஷ டிப்ளமோவோ போதும் என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் சுலபம்.

தம்பி சீக்கிரமே வெளியே வந்தவர் என்றால் முயற்சி செய்யலாம். ஏதாவது ஒரு பாடத்தில் பட்டப்படிப்பு வேண்டும். சமயத் தகுதி அதற்கு மேல். பாதிரிக்கு குருப்பட்டம் ஆகியிருக்க வேண்டும். அந்தப் பகுதி பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இன்னும் இருக்க வேண்டும். தனி ஜெபவீடு நடத்துபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பட்டியலும் இல்லை, கையெழுத்துப் போடப் பேராயரும் இல்லை. ஓட்டம் 1,600 மீட்டர், 8 நிமிஷத்துக்குள். எழுத்துத் தேர்வு இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 50 கேள்வி, 100 மார்க். தப்பான பதிலுக்கு மார்க் குறையும். உயரமும் எடையும் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்தால் வேலை பிரசங்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம்: அடக்க ஆராதனை, ஆஸ்பத்திரி, தண்டனையில் இருக்கும் சிப்பாயைப் போய்ப் பார்ப்பது எல்லாம் உண்டு.

கேள்வி: பாளையங்கோட்டையில் ராணுவ குரு யாராவது இருந்தார்களா? (பாளையங்கோட்டை மாணவர்)

பதில்: 1816-ல் இங்கிருந்த பட்டாளத்துக்குக் குருவாகக் கம்பெனி அனுப்பியவர் ஜேம்ஸ் ஹஃப். சம்பளம் பட்டாளத்துக்கு, பாடுபட்டது ஊருக்கும் சேர்த்து. பள்ளிக்கூடங்களும் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனும் இங்கே வேர்பிடித்தது அவர் காலத்தில்தான். 1820-ல் மிஷனரி ரேனியஸ் வந்தபோது தரை உழுது கிடந்தது.

கேள்வி: தாத்தா உபதேசியாராக (சபை ஊழியராக) இருந்து இறந்தார். அதற்கு முன் இரண்டாம் உலகப் போரில் பர்மா போனவர். டிரங்குப் பெட்டியில் நாலு மெடல் இருக்கிறது. கல்லறையில் 'வீரப் பதக்கம் பெற்றவர்' என்று வெட்டலாமா? (ஆலங்குளம் வாசகர்)

பதில்: முதலில் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பிராசோவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய சாட்சி விளிம்பில் இருக்கிறது. தேய்த்தால் அது போய்விடும். அந்தப் போரின் மெடல்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வட்ட மெடலானால் விளிம்பிலும், நட்சத்திரமானால் பின்பக்கத்திலும் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் இலேசாக உரசியும் எடுக்கலாம்.

ஆறு முனை நட்சத்திரம், கருநீல ரிப்பனில் நடுவே அகலச் சிவப்பு, நீலத்தில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். பின்பக்கம் இந்திய வரைபடமும் 1939-45 என்ற வருஷமும் இருந்தால் இந்திய சேவை மெடல். இவை போரில் பணியாற்றியதற்கு எல்லோருக்கும் கொடுத்தவை. வீரப் பதக்கம் இல்லை. மிலிட்டரி மெடலோ, இந்திய டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடலோ இருந்தால் மட்டும் 'வீரப் பதக்கம்' என்று வெட்டுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் அதில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், விளிம்பில் உள்ள எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். எந்த ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும் என்று சொல்வார்கள்.

கல்லில் 'உபதேசியார், பர்மா போர்முனையில் பணியாற்றியவர்' என்று இரண்டு வரி போதும். எண்ணையும் படைப்பிரிவையும் கீழே சின்ன எழுத்தில் வெட்டச் சொல்லுங்கள். கல் வெட்டுகிறவரிடம் வாயால் சொல்லாமல், உரசி எடுத்த தாளையே கொடுங்கள். அந்த நம்பரில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.