அந்தமான் போக ஆசை: கடன் வாங்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறோம். தனியார் வேலை. ஆண்டுச் சம்பளம் 11 லட்சம், கைக்கு வருவது மாதம் 82,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 24,000, மகளின் செல்வமகள் கணக்குக்கு 5,000, குடும்பச் செலவு எல்லாம் போக 16,000 மிஞ்சுகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பவளப்பாறை என்றால் உயிர். அவளுக்கு அந்தமானின் வண்டூர் கடல்சார் தேசியப் பூங்காவைக் காட்ட வேண்டும். டிசம்பர் விடுமுறையில் நான்கு பேருக்கு ஐந்து இரவு, விமானத்தோடு சேர்த்து 1,80,000 ரூபாய் கேட்கிறார் டிராவல்ஸ்காரர். வங்கி 14% வட்டிக்குத் தனிநபர் கடன் தரத் தயாராக இருக்கிறது. 2,50,000 ரூபாய் எஃப்டியும் இருக்கிறது. எதை எடுக்கலாம்? பழைய வரிமுறைக்கு மாறி எல்டிஏ (விடுமுறைப் பயணப்படி) கிளெய்ம் செய்தால் வரி மிச்சமாகும் என்கிறார் நண்பர், சரியா?

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம். ஆனால் அந்தமானுக்குப் போங்கள். டிசம்பரை விட்டுவிட்டு ஏப்ரல் கடைசியில், மகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு போங்கள்.

முதலில் கடனைப் பார்ப்போம். 1,80,000 ரூபாயை 14 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 8,640. வட்டி மட்டும் 27,000-ஐத் தாண்டும், பிராசசிங் கட்டணம் தனி. ஆறு நாள் பயணத்துக்கு, மகள் பத்தாம் வகுப்புக்குப் போகும்வரை உங்கள் மிச்சத்தில் பாதியைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். எஃப்டி விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் மாதச் செலவுக்கு அது நான்கு மாதம்கூடத் தாங்காது. வேலை போனாலோ, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ உங்களிடம் இருப்பது அந்தப் பணம் ஒன்றுதான். சுற்றுலாவுக்காக அதில் கை வைக்காதீர்கள்.

நண்பர் சொல்வது உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாது. புதிய வரிமுறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளக்காரருக்கு வரியே இல்லை, அதனால் உங்கள் வரி பூஜ்யம். பழைய முறைக்கு மாறி, நிலையான கழிவு 50,000, 80சி பிரிவில் (சேமிப்பு, முதலீட்டுக்கான கழிவு) 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000, எல்டிஏ 40,000 என எல்லாவற்றையும் கழித்தாலும் 6,60,000 மிஞ்சும். அதற்கு வரி சுமார் 46,000 ரூபாய். நான்கு பேரின் விமான டிக்கெட் காசு அது!

இனி டிராவல்ஸ்காரரின் தொகை. இப்படிப்பட்ட பேக்கேஜ்களில் செல்லுலார் சிறை, ஹேவ்லாக், நீல் தீவு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். வண்டூரைப் பலர் சேர்ப்பதே இல்லை, கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள். அவர் கொடுத்த பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகள் பார்க்க விரும்புவது அதைத்தானே? உண்மையில் இந்தப் பயணத்திலேயே குறைந்த செலவு பிடிக்கும் இடமும் அதுதான். 1983-இல் அமைந்த அந்தப் பூங்காவில் 15 தீவுகள். போர்ட் பிளேரிலிருந்து (ஸ்ரீ விஜய புரம் என்று 2024-இல் பெயர் மாறியது) சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் போய், வண்டூர் துறையில் படகு ஏறினால் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஜாலி பாய் தீவுக்குப் போகலாம். கண்ணாடி அடித்தளப் படகிலிருந்தே பவளம் தெரியும். வனத்துறை அனுமதிச்சீட்டு வேண்டும். தீவில் ஓட்டலோ விடுதியோ கிடையாது, பிளாஸ்டிக்குக்கும் தடை. அதனால் அங்கே பணம் செலவழிக்க வழியே இல்லை. பவளத்துக்கு ஓய்வு கொடுக்க ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளை மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை ஜாலி பாயின் முறை. பருவமழையும் மே நடுவில்தான் அந்தமானைத் தொடும். எனவே ஏப்ரல் கடைசி உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. காடு பார்க்க ஒரு நாளை மவுண்ட் ஹாரியட் (மவுண்ட் மணிப்பூர் என்று 2021-இல் பெயர் மாறியது) தேசியப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருக்கும் காட்சி அங்கிருந்து தெரிவதுதான். வீட்டில் ஒரு நோட்டு இருந்தால் மகளிடம் கொடுத்து அனுப்புங்கள்.

நீங்களே ஏற்பாடு செய்தால் என் கணக்கு இப்படி வருகிறது: விமானத்துக்கு 48,000, ஐந்து இரவு அறை 17,500, சாப்பாடு 15,000, வண்டி வாடகை 10,000, படகும் அனுமதிகளும் 12,000, எதிர்பாராததற்கு 12,500. ஆக 1,15,000. ஹேவ்லாக் போக அரசுக் கப்பல் கிடைத்தால் படகுச் செலவு இன்னும் குறையும்.

இதற்கு ஒரே ஆர்டி (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடாதீர்கள், ஏனென்றால் விமான டிக்கெட்டை ஜனவரியிலேயே வாங்க வேண்டியிருக்கும். ஜூலையில் இரண்டாகத் தொடங்குங்கள். மாதம் 8,000 வீதம் ஆறு மாத ஆர்டி ஒன்று. அது ஜனவரியில் முதிர்ந்து டிக்கெட்டுக்கு வரும். மாதம் 7,000 வீதம் ஒன்பது மாத ஆர்டி இன்னொன்று, ஏப்ரலில் மற்ற செலவுக்கு. இரண்டும் வட்டியோடு 1,13,000 ரூபாயைத் தாண்டிவிடும். முதல் ஆர்டி முடிந்த பிறகு மாதம் 8,000 கையில் நிற்கும், பற்றாக்குறையை அது தாராளமாக ஈடுகட்டும். முதல் ஆறு மாதம் கை இறுக்கமாக இருக்கும் என்பது உண்மை. அப்போதும் செல்வமகள் கணக்கை நிறுத்தாதீர்கள்.

ஹேவ்லாக்கைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். கடல் சரியில்லை என்று கப்பல் ரத்தாகி, ஊர் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டால் நான்கு டிக்கெட்டுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டிவரும். கடைசி இரண்டு இரவும் போர்ட் பிளேரிலேயே தங்குங்கள். டிக்கெட் போடும்போது வண்டூர் போகும் நாள் திங்கட்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று பூங்காவுக்கு விடுமுறை.