மிளகு ரசமும் கஷாயமும் வைரஸை விரட்டுமா?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பையன், ஒன்பது மாதப் பெண் குழந்தை, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள என் மாமியார் என்று எல்லா வயதினரும் இருக்கிறோம். சென்ற மாதம் மழை ஆரம்பித்ததும் ஒருவர் பின் ஒருவராகச் சளி, காய்ச்சல். மாமியார் மிளகு ரசம், மஞ்சள் பால், துளசி சுக்கு அதிமதுரம் போட்ட கஷாயம், ஆவி என்று எல்லாம் செய்தார். கைக்குழந்தைக்குத் துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவினார். நாலைந்து நாளில் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த தெருவில் இதே மாதிரி கைவைத்தியம் பார்த்த ஒரு சிறுவனை ஐந்தாம் நாள் டெங்கு என்று ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். அதிலிருந்து எனக்குப் பயம். சமையலறைப் பொருட்கள் வைரஸ் காய்ச்சலுக்கு உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? எதுவரை நம்பலாம்?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் செய்தவற்றில் முக்கால்வாசி நல்ல காரியம்தான். ஒன்று மிகவும் ஆபத்தானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது, ஒரு துளிகூட. தேனில் சில சமயம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடலில் அவை முளைக்க இடமில்லாமல் வெளியேறிவிடும். கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கலாம். முதலில் மலச்சிக்கல், அப்புறம் பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் போவது, அழுகைச் சத்தம் மெலிவது, தலை நிற்காமல் தொங்குவது, கடைசியில் மூச்சு. அரிதான நோய்தான். ஆனால் வந்தால் வென்டிலேட்டர் வரை போகும். சுத்தமான மலைத்தேன் என்பதாலோ, அடுப்பில் காய்ச்சியதாலோ அந்த வித்துகள் போய்விடுவதில்லை. உங்கள் பெண்ணுக்குத் தேன் தடவி ஒரு மாதம் கடந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள், இனிக் கவலை வேண்டாம். முதல் பிறந்தநாள் வரை தேன் பாட்டிலை அவள் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அவ்வளவுதான்.

அதே தேன் உங்கள் பையனுக்கு நல்ல மருந்து. குழந்தைகளின் இருமலுக்குத் தேன் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து, 2018ல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. எதுவும் கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் இருமலைத் தணிக்கிறது என்பது அதன் முடிவு. படுக்கப் போகும்போது ஒரு டீஸ்பூன் போதும். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொன்ன சளி சிரப் கலவைகளை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் எவ்வளவோ மேல்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு ஒரு கணக்கு உண்டு. காய்ச்சல் மூன்று நான்கு நாள், மூக்கொழுகல் ஒரு வாரம், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். வைரஸை அழிப்பது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. கஷாயம் குடித்து நாலாம் நாள் எழுந்தவர், குடிக்காமல் இருந்திருந்தாலும் அநேகமாக நாலாம் நாள்தான் எழுந்திருப்பார். முதல் நாளே ஆன்டிபயாடிக் போட்டு நாலாம் நாள் சரியானவர் கதையும் இதேதான். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கு மட்டுமே, வைரஸை அது தொடுவதில்லை. ஆக, ரசத்தில் விழும் மிளகு வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் ரசம் எதற்கு? காய்ச்சல் அடிக்கும் உடம்பிலிருந்து வியர்வையிலும் மூச்சிலும் நீர் போய்க்கொண்டே இருக்கும். வாய் கசக்கும், சோறு இறங்காது, தண்ணீர்கூடப் பிடிக்காது. அந்த நேரத்தில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, நாலு பல் பூண்டு நசுக்கி, நுரை கட்டியதும் இறக்கிய ரசத்தை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை குடிக்கிறது. நீரும் உப்பும் உள்ளே போகின்றன. மிளகின் காரம் மூக்கின் உள் நரம்புகளைத் தூண்டுவதால் கட்டிய சளி இளகி ஓடுகிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008ல் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். சளி பிடித்தவர்களுக்கு ஒரே பழச்சாறைச் சூடாகவும் சூடில்லாமலும் கொடுத்தார்கள். மூக்கு வழியே போகும் காற்றின் அளவு இரண்டிலும் கூடவில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்கு இருமல், தும்மல், தொண்டை வலி, உடல் சோர்வு எல்லாமே குறைந்ததாகத் தெரிந்தது. வெறும் பழச்சாறுக்கே அப்படி என்றால் நம் ரசத்தைச் சொல்ல வேண்டுமா!

நொய்க்கஞ்சி, பாசிப்பருப்புக் கஞ்சி, இளநீர், உப்புப் போட்ட மோர் எல்லாம் இந்த வரிசையில் வருபவைதான். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று பிள்ளையைப் பட்டினி போடுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வாந்தி பேதியும் சேர்ந்திருந்தால் ஓ.ஆர்.எஸ். பொடிதான் சரியான அளவு. பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் கரையுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எவ்வளவு குடித்தான் என்று டம்ளரை எண்ணுவதைவிட, எத்தனை முறை சிறுநீர் கழித்தான் என்று பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும், நிறம் வெளிறி இருக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள்.

மஞ்சள் பால் பற்றி வாரத்தில் பத்துப் பேராவது கேட்கிறார்கள். மஞ்சள்தூளில் குர்குமின் என்ற பொருள் ஏறத்தாழ 3 சதவீதம்தான். அதுவும் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறாது. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் இருபது மடங்கு அதிகமாக ஏறுகிறது என்று 1998ல் பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. பாலில் மஞ்சளோடு மிளகும் தட்டிப்போட்ட நம் பாட்டிகளை நினைத்து எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் ஒருவருக்குக் கொடுத்த குர்குமின் 2 கிராம். அவ்வளவு கிடைக்க அறுபது எழுபது கிராம் மஞ்சள்தூள் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் அதை யார் கரைத்துக் குடிப்பது? இரவில் சிட்டிகை மஞ்சள் போட்ட பால் தொண்டைக்கு இதம், தூக்கத்துக்கு நல்லது, குடியுங்கள். மஞ்சள் நல்லது என்று குர்குமின் கேப்ஸ்யூல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். அதனால் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன.

கஷாயத்தில்தான் உங்கள் மாமியாருக்காகக் கொஞ்சம் கவலைப்படுகிறேன். சுக்கு, துளசி, மிளகு எல்லாம் அளவோடு சரி. சுக்கும் இஞ்சியும் குமட்டலை நன்றாகவே அடக்கும். அதிமதுரம் அப்படி அல்ல. அதிலுள்ள கிளிசரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒரு நாள் இரண்டு நாள் ஒரு துண்டு சேர்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தொண்டைக்கு நல்லது என்று தினமும் வாயில் அடக்கிக்கொண்டால், பி.பி. மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் குறையாமல் நிற்கும். அவருடைய கஷாயத்தில் அதை விட்டுவிடுங்கள். கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பதும் தவறு, ஏறும். 2020ல் கொரோனா பயத்தில் ஒரு நாளைக்கு நாலு வேளை கெட்டியாகக் கஷாயம் குடித்து, வாய்ப்புண்ணும் வயிற்றெரிச்சலுமாக வந்தவர்களை நிறையப் பார்த்தேன்.

ஆவி பிடிப்பதில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, உங்கள் பையன் வயதில் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். தரையில் கொதிக்கிற குண்டான், தலைக்கு மேல் போர்வை, உள்ளே அவனும் அம்மாவும். சூடு தாங்காமல் போர்வைக்குள்ளிருந்து உதறி எழுந்திருக்கிறான். கால் தட்டி, குண்டானில் இருந்த தண்ணீர் முழுதும் மடியில். தொடையில் தோல் ஈரத்துணி மாதிரி உரிந்து கிடந்தது. கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு நாளும் அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆவி பிடித்தால் சளி சீக்கிரம் போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, கொஞ்ச நேர இதம்தான். பெரியவர்கள் வேண்டுமானால் மேஜைமேல் பாத்திரத்தை அசையாமல் வைத்துப் பிடிக்கட்டும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

கைக்குழந்தை விஷயத்தில் இன்னும் இரண்டு. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும், எண்ணெய் என்பதால் எளிதில் கரையவும் செய்யாது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறி, சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரலாம்.

இனி டெங்கு. அடுத்த தெருச் சிறுவனுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் நெருப்பாகக் காய்ச்சல். நாலாம் நாள் காய்ச்சல் விடும். கஷாயம் வேலை செய்துவிட்டது என்று வீடே நிம்மதியாகும். டெங்குவில் ஆபத்தான கட்டம் சரியாக அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, உள்ளே ஓட வேண்டிய நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் கசியும். குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். பிள்ளை சத்தமில்லாமல் சோர்ந்து படுத்திருக்கும். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சற்று முன்னதாகவே ஏறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. உயிரைக் காப்பாற்றியதாக எதுவும் நிரூபிக்கவில்லை. டெங்குவில் பெரும்பாலான உயிர்கள் போவது இந்த நீர்க்கசிவால். தட்டணுக்கள் எப்படியும் ஏழெட்டாம் நாளில் தாமாகவே ஏறத் தொடங்கும். அந்தக் கசப்பைக் குடித்துப் பிள்ளை வாந்தி எடுத்தால், உள்ளே போயிருக்கும் நீரும் வெளியே வந்துவிடும். அதனால் நான் கொடுக்கச் சொல்வதில்லை. டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசே கொடுத்த நிலவேம்புக் குடிநீரைப் பெரியவர்கள் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடிப்பதை நான் தடுப்பதில்லை, கர்ப்பிணிகள் மட்டும் தவிர்க்க வேண்டும். ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூலிகை மீது எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1988ல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் பின்னர் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு ஆய்வை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதை அதில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் கொடுக்கப் பயப்படாதீர்கள். குழந்தைக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. பையன் 20 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120, 125, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு பாட்டில்கள் வருகின்றன, லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம், அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால் மருத்துவரிடம் போய் ரத்தம் பாருங்கள். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுத்த மலம், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாதது, கை கால் சில்லிடுவது, எழுப்பினால் சரியாகப் பேசாமல் மீண்டும் சரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் விட்டிருந்தாலும், உடனே மருத்துவமனை. இரவானால் 108. கைக்குழந்தை நிமிடத்துக்கு ஐம்பது முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலோ, மூச்சுக்கு மூச்சு விலா உள்வாங்கினாலோ அதுவும் அப்படித்தான். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிற்றைப் பார்த்து எண்ணுங்கள்.

இன்னொன்றை இன்றே பழகிக்கொள்ளுங்கள். பையன் நன்றாக இருக்கும்போது அவன் விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்துவிடும். அந்த வேகத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்ட நாளில் அதே நகம் வெளுத்தபடி நின்றால், அந்த உடம்பில் ரத்த ஓட்டம் குறைகிறது.

அடுத்த முறை யாருக்காவது உடம்பு சுட ஆரம்பித்ததும், சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் அந்தத் தேதிமேல் 'முதல் நாள்' என்று எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான், பாதிப் பேருக்குச் சரியாகச் சொல்ல வராது. அந்தப் பென்சிலை உங்கள் மாமியார் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இரவில் பிள்ளை முனகினால் முதலில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தானே. ரசமும் அவரே வைக்கட்டும்.