முகமே இல்லாத ஓவியம் பாலினத்தையும் அடையாளத்தையும் எப்படிப் பேசும்?

கேள்வி கேட்டவர் ஒரு கண்காட்சிக்குப் போயிருக்கிறார். சுவர் முழுக்க வண்ணத் திட்டுகள். பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ‘பாலினம், அடையாளம், மனிதப் பன்மை’ என்று எழுதியிருந்ததாம். ஓர் ஆள்கூட இல்லாத அரூப ஓவியத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது, சீட்டைக் கிழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கிறார்.

நியாயமான சந்தேகம்தான். பல ஓவியங்களில் எதுவும் மிஞ்சாது. ஒரு பாதி இளஞ்சிவப்பு, மறுபாதி நீலம், நடுவில் வானவில் நிறத்தில் ஒரு கோடு. விளம்பரப் பலகைக்குச் சரியாக இருக்கும். நானும் ஓய்வு நேரத்தில் வரைகிற ஆள். அப்படி ஒன்றை வரைந்தும் இருக்கிறேன். இப்போது அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

நிறத்துக்கு ஆண், பெண் என்று எதுவும் கிடையாது, கொடுப்பது நாம்தான். ஸ்வீடனைச் சேர்ந்த ஓவியர் ஹில்மா ஆஃப் கிளிண்ட் 1907இல் மூன்று மீட்டருக்கு மேல் உயரமான பத்து ஓவியங்களைத் தீட்டினார். அவர் கணக்கில் நீலம் பெண், மஞ்சள் ஆண், இரண்டும் கூடினால் பச்சை. அவருடைய குறிப்பேடுகள் இருப்பதால்தான் இது நமக்குத் தெரிகிறது. அதை மறந்துவிட்டுப் பார்த்தால் சுருளும் கொடியும் இதழும் ஒன்றையொன்று சுற்றி வளர்வது தெரியும். எது எதற்குள் போகிறது என்று பிரிக்க முடியாது. எனக்கு அதுவே போதும்.

ஆனால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. அமெரிக்க ஓவியர் லீ கிராஸ்னரின் படத்தைப் பார்த்த அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஹாஃப்மன், ஒரு பெண் செய்தது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று பாராட்டினாராம். இதைக் கிராஸ்னரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் எந்த மூலையில் ஆணைப் பார்த்தார் அந்த மனிதர்?

இந்தப் பழக்கத்தைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஓவியம் என்றால் எனக்கு அமெரிக்க ஓவியர் பைரன் கிம்தான் நினைவுக்கு வருகிறார். அவர் 1991இல் தொடங்கிய படைப்பின் பெயர் ‘சினெக்டகி’. நம் இலக்கணத்தில் அதற்கு நேரான சொல் உண்டு: சினையாகுபெயர். ‘தலைக்கு இரண்டு கொடு’ என்றால் தலை முழு ஆளையும் குறிக்கிறதல்லவா, அதுதான். பத்துக்கு எட்டு அங்குலப் பலகைகள், 400க்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிறம். எதிரே உட்கார்ந்த ஒருவரின் தோல் நிறம். அடுக்கியிருப்பது நிற வரிசையில்கூட இல்லை, உட்கார்ந்தவர்களின் பெயர்களின் அகரவரிசையில். தள்ளி நின்றால் வெறும் கட்டங்கள். தோலை வைத்து முழு ஆளையும் அளந்துவிடுகிற நம் புத்தியைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் மார்க் பிராட்ஃபோர்டு வேறு வழியில் போனார். அம்மாவின் முடி அலங்காரக் கடையில் வேலை செய்தவர். முடியைச் சுருட்டும்போது நுனியில் சுற்றுகிற மெல்லிய தாள்களை ஓரம் கருக்கி, கான்வாஸில் வரிசையாக ஒட்டினார். அந்தத் தாளைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சீட்டு தேவைப்பட்டிருக்காது. எனக்குத் தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

கிம்மைப் பார்த்துவிட்டு நானும் பலகைகளோடு உட்கார்ந்தேன். என் முன்கைதான் முதல் ஆள். பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பு, யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், கொஞ்சம் வெள்ளை. ஆரஞ்சு அடித்தது. ஊசிமுனை அளவு அல்ட்ராமரைன் நீலம் சேர்த்ததும் அடங்கியது. கத்தி நுனியில் எடுத்துக் கையிலேயே தடவி, கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். திட்டின் ஓரம் தெரியாமல் போனால் நிறம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதே கலவையை மணிக்கட்டின் உட்புறத்தில் தடவினேன். வேறு யாருடைய தோலையோ ஒட்டவைத்ததுபோல் இருந்தது. நரம்பு பச்சையாக ஓடும் அந்த இடத்துக்குத் தனிக் கலவை தேவைப்பட்டது. ஆக ஒரு கைக்கு இரண்டு பலகை. மாலை வெளிச்சத்தில் இரண்டுமே பொருந்தாமல் போய், மூன்றாவதும் செய்தேன்.

அதற்குப் பிறகு ஓர் அண்ணனையும் தங்கையையும் உட்கார வைத்தேன். இரண்டு பலகைகளையும் பெயர் எழுதாமல் அருகருகே மாட்டினேன். வருகிறவர்களிடம் எது யார் என்று கேட்பேன். அநேகமாக எல்லோரும் வெளிர்நிறப் பலகையைக் காட்டி ‘இதுதான் தங்கை’ என்பார்கள். அது அண்ணனுடையது. திருநங்கையான தோழி ஒருவர் மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘ஏன், ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தான் இந்த நிறம் பிடிக்குமா?’ என்று திருப்பிக் கேட்டார். சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றோடு அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஆகவே அடுத்த முறை சீட்டைக் கடைசியில் படியுங்கள். முதலில் ஓவியத்தின் முன் நின்று, நீங்களாக எதை ஆண் என்றும் எதைப் பெண் என்றும் முடிவு செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். எதுவும் தோன்றவில்லை என்றால் தாராளமாக அடுத்த ஓவியத்துக்குப் போகலாம். ஓவியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் இப்போது பன்னிரண்டாவது பலகைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பதினொன்றில் மூன்று என் கைதான்.