1978-ல் பிபிசி வானொலிகள் ஒரே நாளில் இடம் மாறியது ஏன்? அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரேடியோ டயலை இன்று எப்படிப் படிப்பது?

அந்த நாள் 1978 நவம்பர் 23. "ஜெனீவா ஒப்பந்தம் வந்தது, பிபிசி மாற்றியது" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. ஜெனீவா கேட்டது வெறும் 1 கிலோஹெர்ட்ஸ். மற்றதெல்லாம் பிபிசி அதே சாக்கில் செய்துகொண்ட வீடு மாற்றம்.

1975-ல் ஜெனீவாவில் முடிவானது இது: ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவில் மீடியம் வேவ் நிலையங்கள் எல்லாம் 9-ஆல் வகுபடும் எண்ணில் நிற்க வேண்டும். 531 முதல் 1602 வரை 120 இடங்கள். (சென்னை 720, திருச்சி 936: வகுத்துப் பாருங்கள்.) காரணம் விசில். இரண்டு நிலையங்களுக்கு இடையே 1 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் 1000 ஹெர்ட்ஸில் கீச்சென்று காதைக் குத்தும். வித்தியாசம் 9 ஆனால் அந்தச் சத்தத்தில் பெரும்பகுதியை செட்டே விழுங்கிவிடும்.

பிரிட்டனில் 692 என்பது 693 ஆனது. 908, 1052, 1088, 1214 எல்லாம் அதே மாதிரி ஒன்று ஏறின. இதற்காக யாரும் குமிழைத் தொட வேண்டியதில்லை; டயல் முள்ளின் தடிமனே அதைவிட அதிகம்.

வீடு மாற்றம்தான் ஆளைக் குழப்பியது. அதுவரை பிபிசியின் ரேடியோ 4 இங்கிலாந்துக்குள்ளேயே வட்டாரத்துக்கு ஓர் அலைவரிசையில் வந்தது. அதைத் தூக்கி லாங் வேவ் 200-ல், அதாவது 1500 மீட்டர் அலைநீளத்தில் வைத்தார்கள். அங்கே இருந்த ரேடியோ 2, 693-க்கும் 909-க்கும் போனது. ரேடியோ 1-க்கு 1053-ம் 1089-ம். அது காலி செய்த 1215 ரேடியோ 3-க்கு. ஒன்றுக்கு இரண்டு ஏன்? ஒரே அலைவரிசையில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஓடினால், இரண்டும் சம பலத்தில் வந்து சேரும் இடத்தில் குரல் குழைந்துவிடும். அதனால் டிராய்ட்விச்சில் 1053, லண்டனுக்கு வடக்கே புரூக்மன்ஸ் பார்க்கில் 1089. லாங் வேவ் கடல்மேல் வெகுதூரம் போகும் என்பதால், கப்பல்களுக்கான வானிலை அறிக்கையும் அன்றே ரேடியோ 2-லிருந்து ரேடியோ 4-க்கு வந்தது.

லாங் வேவ் இல்லாத செட் வைத்திருந்தவர்கள்தான் பாவம். லண்டனில் அவர்களுக்கு 720-ல் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தது. இன்னொரு தொல்லை டிவி. 625 வரி டிவியின் வரி அதிர்வெண் 15,625 ஹெர்ட்ஸ். அதன் 13-வது மடங்கு 203.125 கிலோஹெர்ட்ஸ். 200-ல் ரேடியோ 4 கேட்கும்போது பக்கத்தில் டிவி ஓடினால் 3 கிலோஹெர்ட்ஸ் கீச்சல் நிச்சயம். செட்டைத் திருப்பி, உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை டிவியைப் பார்க்கும்படி வைத்தால் அது நன்றாகக் குறையும். 1988-ல் இந்த 200-ஐயும் 9-ஆல் வகுபடும் 198-க்கு நகர்த்தினார்கள்.

இனி உங்கள் டயல். 3,00,000-ஐ மீட்டரால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ்: 330 மீட்டர் என்றால் 909, 247 மீட்டர் என்றால் 1215. லைட், ஹோம், தேர்டு என்று பிபிசியின் பழைய நிலையப் பெயர்கள் அச்சிட்டிருந்தால் செட் 1967-க்கு முந்தைய வடிவமைப்பு. 1500 மீட்டருக்கு நேரே ரேடியோ 2 இருந்தால் 1967-க்கும் 1978-க்கும் இடைப்பட்டது. இன்று 693, 909-ல் ரேடியோ 5 லைவ். 1053, 1089-ல் டாக்ஸ்போர்ட் என்ற தனியார் விளையாட்டு நிலையம். 1215-ஐத் தேட வேண்டாம், அங்கே கடைசியாக இருந்த தனியார் நிலையம் 2023 ஜனவரியில் போய்விட்டது.

909-ல் மட்டும் விசில் வந்தால் குமிழை மெல்லத் திருப்புங்கள். சுருதி மாறாமல் நின்றால் விசில் வெளியிலிருந்து வருகிறது. சுருதி மாறினால் கோளாறு செட்டுக்குள்ளேதான்: 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப் (எந்த நிலையத்தையும் செட் தனக்குள் மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) உள்ள செட்டில் அதன் இரட்டிப்பு 910 கசிந்து ஏரியலுக்கே திரும்பி, 909-உடன் மோதுகிறது. 693 கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள். இதற்காக ஐ.எஃப் டிரான்ஸ்ஃபார்மரின் திருகைத் தொடாதீர்கள். டயல் முழுக்க நிலையங்கள் நகர்ந்துவிடும்.